ஈர நெல்லும் 500உம்

பெப்ரவரி 4, கிளிநொச்சி

காலபோக வெட்டு மும்முரம். காலையிலேயே விசுவமடுப் பக்கத்து நிறுவைக்கார அண்ணை போன் எடுத்தார்.

"தம்பி, உன்ர ஆப் சுத்திக்கொண்டே நிக்குது. நெல்லு ஈரமெண்டால் ஈரமெண்டு சொல்லவேண்டியதுதானே?"

நெற்சுமைகளைப் பதிந்து என் சேர்வருக்கு அனுப்புகிற ஆப் அது. சேர்வரின் பதிவேடான லொக்கைப் பார்த்தேன். ஈரப்பதம் 17 வீதம்; நாங்கள் வைத்த எல்லை 14. எல்லை தாண்டினால் என்னுடைய ஜாவா நிரல் ஒரு எக்செப்ஷனை, அதாவது பிழை அறிவிப்பை, எறிகிறது. அதை ஏந்த ஆளில்லை. நிரலுக்கு அடித்தளமான ஸ்பிரிங் பூட் என்ன செய்யும், 500 என்ற நிலை எண்ணை ஆப்புக்கு அனுப்பிவிடுகிறது. 500 என்றால் பிழை சேர்வரில். சரி, கொஞ்சம் பொறுத்துத் திரும்ப அனுப்பிப் பார்ப்போம் என்று ஆப் நினைக்கிறது. ஒரே சுமை 11 தடவை வந்திருக்கிறது. ஆப் பாவம்.

பெப்ரவரி 5

நிலை எண்ணோடு எறியக்கூடிய ரெஸ்பொன்ஸ் ஸ்டேட்டஸ் எக்செப்ஷனில் 422ஐயும் (அனுப்பியது விளங்குகிறது, ஆனால் ஏற்க முடியாது என்ற எண்) ஒரு தமிழ் வசனத்தையும் வைத்து எறிந்தேன். 422 போனது, வசனம் போகவில்லை. ஸ்பிரிங் பூட் 2.3இலிருந்து பிழைச் செய்தியை, நாமாகக் கேட்டாலொழிய, வெளியே விடாதாம். அந்தக் கதவைத் திறந்தால் டேட்டாபேஸ் புலம்புவதும் சேர்ந்து வெளியே போகும். திறக்கவில்லை.

பதிலாக, எறியப்படும் எக்செப்ஷன்களை ஓரிடத்தில் ஏந்திப் பதில் எழுதும் ரெஸ்ட் கண்ட்ரோலர் அட்வைஸ் ஒன்று. ஈரம் கூடினால் 422, ஒரே நிறுவைத் துண்டு இலக்கம் இரண்டாம் முறை வந்தால் முரண்பாடு என்று சொல்லும் 409. எதிர்பாராதது எல்லாம் 500. அதன் விபரம் லொக்கோடு நிற்கும். பதிலின் வடிவம் 2023இல் வந்த இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 9457 சொல்கிறபடி. ஸ்பிரிங் 6இல் அதற்கென்றே புரொப்ளம் டீற்றெயில் என்ற வகுப்பு இருக்கிறது.

வசனத்தை அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன்: "செல்லுபடியற்ற ஈரப்பதப் பெறுமானம்."

"உதை ஆருக்கு எழுதினனி?"

மாற்றினேன்: "ஈரம் 17. இன்னும் காயப்போட்டுக் கொண்டு வாங்கோ, 14 வரவேணும்."

பெப்ரவரி 7

உள்நுழைவுச் சான்றான டோக்கன் காலாவதியானவர்களுக்கு, திரும்ப உள்நுழையச் சொல்லும் 401 ஒழுங்காகப் போகிறது, வசனம் மட்டும் "????? ??????". இரண்டு மணித்தியாலம் போனது. டோக்கனைப் பார்க்கும் ஃபில்ரர், கோரிக்கையைக் கையாளும் கண்ட்ரோலருக்கு முன்னால் நிற்கிறது. அங்கே மறிபட்டால் அட்வைஸுக்குச் சங்கதியே தெரியாது. அதனால் அந்தப் பதிலைக் கையாலேயே எழுதியிருந்தேன். எழுத்துமுறை சொல்லாவிட்டால், ஸ்பிரிங்குக்கு அடியில் இருக்கும் சேர்வ்லெட் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான ஐஎஸ்ஓ 8859-1ஐ எடுத்துக்கொள்ளும். அதில் தமிழ் ஏது? எழுத்துக்கு எழுத்து கேள்விக்குறி.

தமிழும் அடங்கும் யூடிஎஃப்-8 என்று சொல்லித்தான் இருந்தேன், ஆனால் பதிலை எழுதும் ரைட்டரை வாங்கிய பிறகு. அதன் பிறகு சொன்னால் எடுபடாது. வரியை மேலே ஏற்றினேன். அவ்வளவுதான்.

பெப்ரவரி 9

அண்ணை பின்னேரம் எடுத்தார். ஆப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. உழவு இயந்திரப் பெட்டி ஒன்றைத் திருப்பி அனுப்பினாராம், நெல் இப்போது றோட்டுக்கரையில் காய்கிறதாம். இரவைக்கு மழை வருமோ என்று என்னைக் கேட்கிறார்.