மிளகுத் திருடனும் தற்காப்பு உரிமையும்

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் உறவினர் ஒருவர், மிளகுக் கொடியில் கைவைக்கும் திருடனைத் தம்முடைய உரிமம் பெற்ற துப்பாக்கியால் சுட்டால் சட்டம் தம் பக்கம்தானே நிற்கும் என்று கேட்டார். நிற்காது என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்பு உரிமையைச் சொல்லும் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள், பழைய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலானவற்றின் மறுபதிப்பே பெரும்பாலும். (சேலம் நீதிமன்ற வளாகத்தில் பலர் வாயில் இன்னும் பழைய எண்தான் வருகிறது.) உயிர் போகும் அல்லது கொடுங்காயம் நேரும் என்ற நியாயமான அச்சம், வன்புணர்வு, ஆள்கடத்தல், அமில வீச்சு போன்ற சூழல்களில் தாக்குபவரின் உயிர் போகும் அளவுக்கும் எதிர்க்க 38ஆம் பிரிவு இடம் தருகிறது. சொத்துக்கு 41ஆம் பிரிவு: கொள்ளை, இரவில் வீட்டை உடைத்து நுழைதல், குடியிருப்புக்குத் தீவைத்தல் ஆகியவற்றோடு, உயிரச்சம் தரும் வகையில் நடக்கும் களவும் அதில் அடங்கும், வெறும் களவு அடங்காது.

தாக்கப்படுபவர் ஓடி ஒளிய வேண்டியதில்லை என்று 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது எனக்கு முற்றிலும் உடன்பாடே. ஆனால், தேவைக்கு மேற்பட்ட தீங்கை 37ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை என்பதால், ஓடுகிறவனின் முதுகில் பாய்ந்த குண்டைத் தற்காப்பு என்று நிறுவுவது மிகக் கடினம். அதைக் காட்டும் பொறுப்பும் சுட்டவருடையதே.

"அப்படியென்றால் இன்னும் இரண்டு நாய் வாங்கிக்கொள்கிறேன்" என்றார் உறவினர்.