நிறையா, சூழலா? விண்மீன் மண்டலக் கருக்களைப் பற்றிய ஒரு பழைய வழக்கு

ஒரு விண்மீன் மண்டலத்தின் (கேலக்ஸியின்) போக்கைத் தீர்மானிப்பது அதன் நிறையா, அது குடியிருக்கும் சூழலா என்ற வழக்கு வானியலில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. மையத்தில் இருக்கும் கருந்துளையைப் பொறுத்தவரை, கேள்வியை இப்படிக் கேட்டால் விடை கிடைக்காது என்பதே என் எண்ணம். எந்த வகைச் செயல்படும் கருவைப் பற்றி, அதாவது வாயுவை விழுங்கி ஆற்றலை உமிழும் எந்த வகை மையக் கருந்துளையைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஒரே வானத்திலிருந்து ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விடைகளை எடுத்துக் காட்ட முடியும்.

மண்டலங்கள் நெருக்கமாகக் கூடியிருக்கும் கொத்துகளின் நடுவில் நீள்வட்ட மண்டலங்களும், ஆளரவமற்ற வெளியில் சுருள் மண்டலங்களும் மிகுதி என்பதை 1980இல் ஆலன் டிரெஸ்லர் 55 கொத்துகளைக் கொண்டு காட்டினார். சூழலின் செல்வாக்குக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம் என்றுதான் தோன்றும். ஆனால் நெருக்கமான இடங்களில்தான் கனத்த மண்டலங்களும் அதிகம் இருக்கின்றன. ஆகவே ஒரே நிறை கொண்ட மண்டலங்களை வெவ்வேறு சூழல்களில் வைத்து ஒப்பிடாதவரை, எது எதனால் நேர்ந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அத்தகைய ஒப்பீட்டுக்குப் போதுமான எண்ணிக்கை லட்சக்கணக்கான மண்டலங்களைப் பதிவுசெய்த ஸ்லோன் வான அளவீட்டின் வழியாகத்தான் கிடைத்தது. விண்மீன் பிறப்பு நின்றுபோவதில் நிறையின் பங்கையும் சூழலின் பங்கையும் தனித்தனியே பிரித்தெடுக்கலாம் என்று 2010இல் யிங்ஜியே பெங் குழுவினர் காட்டியதும் அந்த வழியில்தான்.

அதே அளவீட்டின் 1,22,000க்கும் மேற்பட்ட மண்டலங்களை ஆராய்ந்த குவினவீர் காஃப்மன் குழுவினர், நிறமாலையில் (ஒளியை நிறங்களாகப் பிரித்த பட்டையில்) புலப்படும் செயல்படும் கருக்கள் ஏறத்தாழ முழுவதும் 1,000 கோடி சூரிய நிறைக்கு மேற்பட்ட மண்டலங்களிலேயே இருப்பதாக 2003இல் எழுதினர். இதைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை: சிறிய மண்டலங்களில் இளம் விண்மீன்களின் ஒளி, வலுவற்ற கருவின் அடையாளக் கோடுகளை மூழ்கடித்துவிடும். அங்கே கரு இல்லை என்பதும் நம் கண்ணுக்குப் படவில்லை என்பதும் வேறு வேறு. அடுத்த ஆண்டில் இதே குழு கண்டது சூழலைப் பற்றியது. நிறமாலையில் ஆக்சிஜன் கோடு வலுவாக ஒளிரும் கருக்கள், நெருக்கமான இடங்களைவிட நெருக்கமற்ற இடங்களில் இருமடங்கு அதிகமான மண்டலங்களில் காணப்பட்டன. இவ்வகைக் கருவுக்குக் குளிர்ந்த வாயு ஏராளமாகத் தேவை. கொத்துகளிலோ அந்த வாயு அரிது.

ரேடியோ அலைகளில் பார்த்தால் கதை தலைகீழாகிறது. 2005இல் பிலிப் பெஸ்ட் குழு வெளியிட்ட ஆய்வின்படி, கருவிலிருந்து ரேடியோ அலைகளை வலுவாக உமிழும் மண்டலங்களின் பங்கு 1,000 கோடி சூரிய நிறைக்குக் கீழே ஏறக்குறைய பூச்சியம். 50,000 கோடியை எட்டும்போது 30 விழுக்காட்டையும் தாண்டிவிடுகிறது. கன்னிக் கொத்தின் நடுவிலிருக்கும் எம்87 என்ற மண்டலம் இவ்வகைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. 650 கோடி சூரிய நிறை கொண்ட அதன் கருந்துளை, கொத்தை நிறைத்திருக்கும் வெப்ப வாயுவிலிருந்து சிறிது சிறிதாகக் குளிர்ந்து இறங்கும் பகுதியை உண்டு, தாரைகளாக ஆற்றலை வெளியே அனுப்பி, அதே வாயுவை மறுபடியும் சூடேற்றி, புதிய விண்மீன்கள் பிறக்காமல் தடுக்கிறது. இங்கே நிறையும் சூழலும் எதிரிகள் அல்ல. கனத்த மண்டலமாக இருப்பதும் வெப்ப வாயுவின் நடுவில் இருப்பதும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன.

என்னை மிகவும் ஈர்ப்பது இந்த இரண்டு வகைகளுக்குள்ளும் எளிதில் அடங்காத ஒரு மண்டலம். ஏபெல் 85 என்ற கொத்துக்குள் ஏறத்தாழ நம்மை நோக்கியே விழுந்துகொண்டிருக்கும் அதன் பெயர் ஜேஓ201. கொத்தை ஒப்பிட அதன் வேகம் நொடிக்கு 3,000 கிலோமீட்டருக்கும் மேல். காற்றே வீசாத நாளிலும் பைக்கில் விரைந்து செல்பவரின் துண்டு பின்னால் பறப்பதைப் போல, கொத்தின் வெப்ப வாயு எதிரே வந்து மோதுவதால் ஜேஓ201இன் வாயு பின்னே இழுபட்டு நீண்ட வால்களாகத் தொங்குகிறது. அந்த வால்களிலேயே புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. தோற்றத்தை வைத்து இத்தகையவற்றை ஜெல்லிமீன் மண்டலங்கள் என்கிறார்கள். வாயுவைப் பறிகொடுத்துக்கொண்டிருக்கும் இதன் மையக் கருந்துளை பட்டினி கிடக்க வேண்டும் என்றுதான் நினைப்போம். ஆனால் அது தீவிரமாக ஒளிர்கிறது. மோதல் அழுத்தம் வாயுவின் ஒரு பகுதியின் சுழற்சியைக் குறைத்து மையத்தை நோக்கி இறங்கச் செய்கிறது என்பது முன்வைக்கப்படும் விளக்கம். இந்திய விண்கலமான ஆஸ்ட்ரோசாட்டில் உள்ள புறஊதாத் தொலைநோக்கியின் படங்களோ இன்னொன்றையும் காட்டின: மையத்தைச் சுற்றி விண்மீன் பிறப்பு குன்றிய ஒரு பள்ளம். ஆக, சூழலானது அந்த மண்டலத்தின் வெளிப்புறத்தைத் தானே உரித்துக்கொண்டு, உட்புறத்தை அழிக்கும் வேலையைக் கருந்துளையிடம் ஒப்படைத்ததாகத் தெரிகிறது.

இது விதிவிலக்கா, விதியா? 2017இல் பியாங்கா போஜ்ஜாந்தி குழுவினர், நீண்ட வால் கொண்ட ஏழு ஜெல்லிமீன் மண்டலங்களில் ஆறில் செயல்படும் கரு இருப்பதாக நேச்சர் இதழில் எழுதியபோது பரபரப்பு ஏற்பட்டது. ஏழு என்பது சிறிய எண். மேலும் அவை யாவும் கனத்த மண்டலங்கள். 2022இல் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை வைத்துச் செய்த ஆய்வில் இந்தப் பங்கு கால் பகுதியைச் சற்றே தாண்டியது. 1,000 கோடி சூரிய நிறைக்கு மேற்பட்டவற்றை மட்டும் எடுத்தால் பாதியளவுக்கு உயர்ந்தது. சூழலின் கைவரிசை என்று நினைத்த இடத்திலும் நிறை வந்து நிற்கிறது. ஆனால் நான் முன்பு சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும்: இலேசான ஜெல்லிமீன் மண்டலங்களில் மோதல் அழுத்தமே விண்மீன் பிறப்பைத் தூண்டிவிடுவதால், வலுவற்ற கரு அந்த ஒளியில் மறைந்திருக்க இடமுண்டு. கண்ணுறு ஒளியின் நிறமாலையை மட்டும் நம்பாமல், எக்ஸ்-கதிரிலும் ரேடியோவிலும் அதே மண்டலங்களைத் தேடினால்தான் நிறையின் பங்கு எவ்வளவு, நம் கருவியின் குறை எவ்வளவு என்பது பிரியும்.