எட்டாயிரம் எங்கே போச்சு?

வேலையை விட்டுவிட்டு கோவையில் தனியாக இன்டீரியர் டிசைன் செய்ய ஆரம்பித்த பிறகு, 2024 ஜூலையில்தான் முதல் வருமான வரி ரிட்டர்ன். ஆடிட்டருக்கு எதற்கு 3,500 அழ வேண்டும், சாஃப்ட்வேரிலேயே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். சும்மா சொல்லக்கூடாது, சுலபம்தான். அப்போதைய வருமான வரிச் சட்டத்தில் என்னைப் போலத் தனியாகத் தொழில் செய்பவர்களுக்கான 44ஏடிஏ பிரிவில், மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். பில் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ஐடிஆர் 4 படிவம், அரை மணி நேர வேலை.

ஒரே ஒரு எண் மட்டும் உதைத்தது. 80,000 பில்லுக்கு ஒரு கம்பெனி 8,000 டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வரி, கழித்துக்கொண்டு 72,000 போட்டிருந்தது. என் பேரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் பட்டியலில் அந்த 8,000 இல்லை. சாஃப்ட்வேர் பாவம், அங்கே இருப்பதைத்தானே எடுக்கும்?

கடைசியில் ஆடிட்டரிடமே போய் நின்றேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "கழிச்சாங்க சரிம்மா, உங்க பேர்ல கட்டினாங்களா?" என்றார். கட்டியிருந்தார்கள், என் பான் நம்பரில் ஓர் எழுத்து மாற்றி! அவரே அந்தக் கம்பெனி அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு நாலு முறை போன் போட்டுத் திருத்த வைத்தார்.

அப்புறம் இன்னொரு குண்டு. 44ஏடிஏ ஆட்கள் அட்வான்ஸ் டாக்ஸ், அதாவது வருஷம் முடியும் முன்பே கட்டும் வரி, முழுவதையும் மார்ச் 15க்குள் கட்டியிருக்க வேண்டுமாம். நான் கட்டவில்லை. வட்டி தனி.

இப்போது படிவத்தை நானே போடுகிறேன். மார்ச் முதல் வாரம் மட்டும் அவரிடம் கணக்கைக் காட்டிவிடுவதாக ஏற்பாடு. ஆயிரம் ரூபாய், கூடவே எதிர்க்கடை ஃபில்டர் காபி.