இந்தக் கொலை சேலத்தில் நடக்காது

நவம்பர் 2

'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' முடிந்தது. ஜப்பானிய எழுத்தாளர் சேய்ச்சோ மாட்சுமோட்டோ 1957இல் ஒரு சுற்றுலாப் பத்திரிகையில் தொடராக எழுதிய நாவல். ஊர் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டு வாங்கும் பத்திரிகையில் கொலைக்கதை! ஆனால் படித்தவர்களுக்குத் தெரியும், இதை வேறு எங்கே போட முடியும்? கதை முழுக்க ரயில் கால அட்டவணைதான்.

தெற்கே ஃபுகுவோகா பக்கம், கஷீ கடற்கரையில் ஓர் ஆணும் பெண்ணும் விஷம் குடித்து இறந்து கிடக்கிறார்கள். காதல் தற்கொலை என்று ஃபைலை மூடப் பார்க்கிறது போலீஸ். வயதான உள்ளூர் துப்பறிவாளர் ஒருவருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. இறந்த ஆணின் பையில் ரயிலில் இருக்கும் உணவகப் பெட்டியின் ரசீது இருக்கிறது. அதில் சாப்பிட்டது ஒரே ஆள் என்று போட்டிருக்கிறது. சேர்ந்து சாகப் போகிறவளை விட்டுவிட்டு இவன் மட்டும் போய்ச் சாப்பிடுவானா?

அப்புறம் அந்த நான்கு நிமிடம். டோக்கியோ ஸ்டேஷனில் 13ஆம் ப்ளாட்பாரத்தில் நின்றவர்கள், 15ஆம் ப்ளாட்பாரத்தில் அந்த இருவரையும் ஒன்றாகப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். நடுவில் எந்நேரமும் ஏதாவது வண்டி நின்று மறைக்கும். மாலை 5.57 முதல் 6.01 வரை மட்டும் மறைப்பு இல்லை. தற்செயலாகப் பார்த்தார்களா, பார்க்கட்டும் என்று யாராவது கூட்டி வந்தார்களா? ஆள் யாரென்று சீக்கிரமே பிடிபட்டுவிடும். அவன் அந்த நேரத்தில் நாட்டின் வடகோடியில், ஹொக்கைடோவில் இருந்தானே, அதை எப்படி உடைப்பது என்பதில்தான் மீதிக் கதை ஓடுகிறது.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். இவ்வளவு பொறுமையாக முடிச்சுப் போட்டவர், கடைசியில் ஒரு கடிதத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார். பெண்களும் பெயருக்கு வந்து போகிறார்கள்.

நவம்பர் 4

சூரமங்கலத்தில் பெரியப்பா வீடு. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த நான்கு நிமிடத்தைச் சொன்னேன்.

"நடுவுல ஒரு கூட்ஸ் வந்து நின்னா முடிஞ்சுது கண்ணு. கொலைகாரன் டீ குடிச்சிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார்.

சிரித்துவிட்டு விடவில்லை. வண்டி எந்த லைனில் வருமென்று அவனுக்கு முன்னாலேயே எப்படித் தெரியும், கடைசி நேரத்தில் ப்ளாட்பாரத்தை மாற்றினால் என்ன செய்வான், இணைப்பு வண்டி அவுட்டரில் நின்றால் சாட்சி எப்படி வருவான் என்று அடுக்கிக்கொண்டே போனார். பெரியம்மா காபி கொண்டுவந்து வைத்தும் பேச்சு நிற்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தக் கொலைக்கு முதல் தேவை வண்டி சொன்ன நேரத்துக்கு வரும் என்ற நம்பிக்கை. விஷமெல்லாம் அப்புறம்தான். கொலைகாரன், போலீஸ், வாசகர் மூன்று பேருக்கும் அந்த நம்பிக்கை இருக்க வேண்டும். சேலம் ஜங்ஷனுக்குக் கதையைத் தூக்கி வந்தால் முதல் அத்தியாயமே தாண்டாது.

நவம்பர் 9

ஏற்காடு. தோழியின் வீட்டில் இரண்டு நாள். காபித் தோட்டங்களில் பழம் பறிக்கத் தொடங்கிவிட்டார்கள். மதியத்துக்கு மேல் பனிமூட்டம், வெளியே போகிற மாதிரி இல்லை. 'தி ஹோன்ஜின் மர்டர்ஸ்' எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சேய்ஷி யோகோமிசோ 1946இல் எழுதினார். ஆங்கிலத்துக்கு வந்தது 2019இல்தான். கதை நடப்பது 1937 நவம்பரில், ஒகாயாமா பக்கத்துக் கிராமம் ஒன்றில். கல்யாண ராத்திரி. பெரிய வீட்டிலிருந்து விலகி நிற்கும் சின்ன வீட்டில் அலறல் கேட்கிறது, கூடவே கோட்டோ என்கிற தந்தி வாத்தியத்தின் சத்தம். உள்ளே மணமக்கள் இருவரும் பிணமாக. வெளியே பனியில் ஒரு வாள் குத்தி நிற்கிறது, போனவன் காலடி ஒன்றுகூட இல்லை. துப்பறிய வருகிற கிண்டாய்ச்சி எண்ணெய் காணாத பரட்டைத் தலையைச் சொறிந்துகொண்டு, பரபரப்பானால் திக்கிப் பேசுகிற பையன். பார்த்ததுமே பிடித்துவிட்டது.

பூட்டிய அறைக் கொலை ஜப்பானிய வீட்டுக்குச் சரிவராது என்று ஒரு பேச்சு அங்கே இருந்ததாம். காகிதக் கதவும் மரச்சட்டமுமாக, எந்தப் பக்கம் தள்ளினாலும் திறக்கிற வீட்டை எங்கே பூட்டுவது? அந்தச் சவாலுக்காகவே இந்த வீட்டை யோகோமிசோ கட்டியிருக்கிறார். வாய்க்கால் எங்கே ஓடுகிறது, மதில் எங்கே என்று அளந்து அளந்து சொல்வது முதலில் சலிப்பாக இருந்தது. பிறகு வரைபடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனேன்.

ஏற்காட்டில் இதைச் செய்யலாமா என்று இரவு தோழியும் நானும் திட்டம் போட்டோம். கீழே அடிவாரத்து செக்போஸ்ட்டை மூடி, 20 கொண்டை ஊசி வளைவில் எங்காவது மரம் விழுந்ததாக வைத்துக்கொள்ளலாம். குப்பனூர் ரோட்டையும் அடைக்க வேண்டும், அதை நிறையப் பேர் மறந்துவிடுவார்கள். மலை துண்டாகிவிட்டது, சரி. ஆனால் பனிமூட்டத்தில் காலடி பதியுமா? மறுநாள் காலை வெயில் வந்தால் சாட்சியும் போச்சு, தடயமும் போச்சு. செம்மண் ஈரத்தில் பதியும் என்றாள் தோழி. பதியும், ஆனால் விடிவதற்குள் நாலு பேர் பழம் பறிக்கப் போய் மிதித்துவிடுவார்கள்.

செய்முறை இங்கே வராது. காரணம் வரும். மணப்பெண்ணின் குடும்பம் முன்பு குத்தகை விவசாயிகளாம். ஒரு காலத்தில் பெரிய பிரபுக்கள் தங்கிப் போன சத்திரத்தின் வம்சத்துக்கு அந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு வேட்டி கட்டி, அம்மாப்பேட்டை மண்டபம் எதிலாவது உட்கார வைத்தால் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

நவம்பர் 15

மியுகி மியாபேயின் 'ஆல் ஷி வாஸ் வர்த்'. ஜப்பானில் வந்தது 1992இல். காலில் குண்டடிபட்டு விடுப்பில் இருக்கும் போலீஸ்காரரிடம் உறவுக்காரப் பையன் வருகிறான். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கு கிரெடிட் கார்டு கேட்டு விண்ணப்பித்தால், அந்தப் பெயரில் ஏற்கெனவே திவால் நோட்டீஸ் இருக்கிறது. கேட்ட மறுநாள் அவள் மாயம். தேடப் போனால், அந்தப் பெயரே அவளுடையது இல்லை.

ஜப்பானில் பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் குடும்பப் பதிவேட்டில் ஏறும். அந்தத் தாளை ஒருத்தி கைப்பற்றிவிட்டால் ஆளையே கைப்பற்றின மாதிரி. இங்கே ஆதாரும் ரேஷன் கார்டும் இருப்பதால் முடியாது என்று சொல்ல மாட்டேன். தாளை ஏமாற்றலாம். பக்கத்து வீட்டு அக்காவை ஏமாற்ற முடியாது. "எந்த ஊரு, யார் வீட்டுப் பொண்ணு, உங்க சித்தி தாரமங்கலத்துல குடுத்தவங்கதானே?" மூன்றாவது கேள்வியில் மாட்டிக்கொள்வாள்.

கடனில் விழுந்தவர்களை ஊதாரி என்று திட்டாதீர்கள் என்று ஒரு வக்கீல் நீளமாகப் பேசுகிறார். சாலை விபத்துக்கு ஓட்டுநரை மட்டும் பழி சொல்லிவிட்டு, சாலை போட்டவனை விட்டுவிடலாமா என்பது அவர் வாதம். கதை அங்கே நின்றுவிடுகிறது என்று சிலர் குறைப்படலாம். எனக்கு அதுதான் புத்தகத்தின் உயிர். செவ்வாப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்து வட்டிக்கு வட்டி கட்டியவர்களை எனக்குத் தெரியும். இப்போது போனிலேயே லோன் ஆப். இந்தக் கதையில் கடன் எனக்கு நன்றாகப் புரிகிறது. தப்பிக்கிற வழிதான் வேறு நாட்டுடையது.

நவம்பர் 16

மழை. ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.

நவம்பர் 22

ஹிடேயோ யோகோயாமாவின் 'சிக்ஸ் ஃபோர்'. தடி தடியான புத்தகம். ஜப்பானில் மன்னர் மாறினால் ஆண்டுக் கணக்கும் புதிதாகத் தொடங்கும். 1989 ஜனவரி 7இல் மன்னர் இறந்தார், ஷோவா 64 என்ற ஆண்டு ஏழே நாளில் முடிந்தது. அந்த ஏழு நாளுக்குள் ஒரு சிறுமி கடத்திக் கொல்லப்படுகிறாள். நாடே துக்கத்தில் மூழ்கியபோது அந்தப் பிள்ளையை யார் நினைத்தார்கள்?

கதை நடப்பது 14 ஆண்டு கழித்து. அன்றைய சட்டப்படி கொலைக்கு 15 ஆண்டுதான் கெடு. அது தாண்டினால் ஆள் கிடைத்தும் வழக்குப் போட முடியாது. 2010இல்தான் கொலைக்கு அந்தக் கெடுவை எடுத்தார்கள். இங்கே எப்படி என்று வக்கீல் அண்ணனுக்கு போன் போட்டேன். "மூணு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள கேஸுக்குத்தான் லிமிடேஷன். கொலைக்கு ஏது? முப்பது வருஷம் கழிச்சும் தூக்கலாம்" என்றார். எதற்குக் கேட்கிறாய் என்று வேறு சந்தேகப்பட்டார்.

ஆக, இந்தக் கதையின் கடிகாரமும் இங்கே ஓடாது. ஆனால் பாதிப் பக்கம் கொலையைப் பற்றியே இல்லை. போலீஸ் செய்தித் தொடர்பு அதிகாரிக்கும் நிருபர்களுக்கும் சண்டை. விபத்து செய்த பெண்ணின் பெயரை வெளியிட முடியாது என்கிறார்கள் இவர்கள், விட மாட்டோம் என்கிறார்கள் அவர்கள். எழுதியவர் முன்னாள் நிருபர், அதனால் விடாமல் இழுக்கிறார். கொஞ்சம் வெட்டியிருக்கலாம். அந்த அதிகாரியின் மகளும் வீட்டை விட்டுப் போனவள். தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அவர் மனைவி ஓடிவந்து எடுக்கிற பக்கங்களுக்காக மற்றதைப் பொறுத்துக்கொண்டேன்.

கடைசிப் பகுதி பாக்கி. நாளை எங்கள் பகுதியில் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மின்தடை என்று தகவல். மொட்டை மாடியில் பாய் போட்டு முடித்துவிட வேண்டும்.