சுக்கான் இல்லாத பழைய ஹோபி 16: பிளேடு வாங்குவதற்கு முன்னும் பின்னும்

"சுக்கான் மட்டும்தான் இல்லை, மத்ததெல்லாம் கச்சிதமா இருக்கு." பழைய ஹோபி 16 (இரட்டை உடல் கொண்ட சிறிய பாய்மரப் படகு) விற்பவர்கள் அடிக்கடி சொல்வது இது. அது உண்மையாகவும் இருக்கலாம். டிரெய்லரில் ஏற்றும்போது சுக்கானைக் கழற்றி கேரேஜ் மூலையில் வைத்து மறந்துவிடுவது சர்வசாதாரணம். அதனால் பேரம் பேசுவதற்கு முன் கேரேஜை ஒருமுறை தேடச் சொல்லுங்கள். அங்கேயும் இல்லை என்றால் அது ஏன் காணாமல் போனது என்று கேளுங்கள். மணல் திட்டில் மோதிப் பிய்த்துக்கொண்டு போயிருந்தால், உங்கள் செலவு பிளேடோடு (தண்ணீரில் இறங்கும் சுக்கான் தகடு) நிற்காது.

முதலில் படகு எது என்று உறுதி செய்யுங்கள். அமெரிக்காவில் 1972-க்குப் பிறகு கட்டிய படகுகளில், பின்பலகையின் வலப்பக்கத்தில் 12 எழுத்துகள் கொண்ட உடல் எண் இருக்கும். ஹோபியாக இருந்தால் அது சிசிஎம் என்று தொடங்கும். ஹோபி 14, ஹோபி 16 இரண்டின் சுக்கான் தொகுப்பையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடலாம். ஹோபி 18-இன் பிளேடு வேறு. பிரிண்டில், நாக்ரா ஆகிய வேறு நிறுவனப் படகுகளின் பாகங்கள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் பொருந்தாது.

அடுத்து பின்பலகை. சுக்கானைத் தாங்கும் துளையுள்ள உலோகப் பிடிகளான கட்ஜன்கள் மேலும் கீழுமாக அதில்தான் முடுக்கியிருக்கும். கட்ஜனைச் சுற்றி ஒரு நாணயத்தால் தட்டுங்கள். 'டக் டக்' என்ற சத்தம் ஓரிடத்தில் மந்தமானால் அங்கே ஃபைபர் பிரிந்திருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தும்போது அமுங்கினாலும், கட்ஜன் ஓரத்தில் மயிரிழை விரிசல்கள் தெரிந்தாலும் அதே கதைதான். நட்டுகள் உள்ளே இருப்பதால் வெளியிலிருந்து எட்ட முடியாது. பின் தளத்தில் 125 அல்லது 150 மி.மீ. வட்டத் துளை போட்டு, மூடியுள்ள இன்ஸ்பெக்‌ஷன் போர்ட் வைத்துவிடுங்கள். பயந்து தள்ளிப்போட வேண்டாம், பின்னாளிலும் உதவும். உள்ளே கை விட்டு ஈரம் காயவைத்து, எபாக்சிப் பிசினும் கண்ணாடித் துணியும் வைத்து வலுவூட்டி, 3 மி.மீ. அலுமினியத் தகட்டை நட்டுக்குப் பின்னால் கொடுத்து முடுக்குங்கள். சீலன்டுக்கு 3எம் 4200 போதும். 5200 போட்டால் அடுத்த முறை கழற்றும்போது ஃபைபரும் கூடவே வந்துவிடும்.

கட்ஜன் துளைகளையும் பாருங்கள். சுக்கானைக் கட்ஜனில் கோக்கும் பின் (நீளமான உலோக ஊசி) எந்த அளவு என்று ஊகிக்காமல் ட்ரில் பிட்டின் தண்டைத் துளையில் விட்டு அளந்துகொள்ளுங்கள். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புது பிளேடு போட்டாலும் ஆட்டம் நிற்காது. மேலே 1 மி.மீ. தளர்வு, பிளேடு நுனியில் பல மடங்காகும். துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் புஷ்கள் மலிவு. அவற்றை மாற்றுவதுதான் செலவுக்கேற்ற பலன் தரும் வேலை.

இனி வாங்க வேண்டியவை. படகின் இரு உடல்களிலும் ஒவ்வொரு சுக்கான் உண்டு. ஒரு பக்கத்துக்குத் தேவை: பிளேடு, கீழ்க் காஸ்டிங் (பிளேடைப் பிடிக்கும் வார்ப்பு உலோகப் பாகம்), அதில் உட்காரும் கேம் (சுக்கானைக் கீழே பூட்டும் சுழல் துண்டு), மேல் காஸ்டிங், அதற்குள் பிளஞ்சர் (கேமை அழுத்தும் முளை), ஸ்பிரிங், முடுக்கு திருகு, டில்லர் கை (சுக்கானைத் திருப்பும் கம்பி), பின், போல்ட்கள், நைலாக் நட்டுகள், பிளாஸ்டிக் வாஷர்கள். இரு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குக் குழாயும் நீளக் கைப்பிடியும் ஒவ்வொன்று போதும். தனித்தனியாகச் சேர்ப்பதைவிட, உடைந்த படகொன்றிலிருந்து முழுத் தொகுப்பாகக் கழற்றியதை வாங்குவதே நல்லது. உதிரியாகச் சேர்த்தால் கடைசியில் ஒரு ஸ்பிரிங்குக்காக ஒரு மாதம் காத்திருப்பீர்கள்.

பிளேடில் இரண்டு வகை அதிகம். வார்த்த பிளாஸ்டிக் பிளேடு பாறையில் பட்டாலும் தாங்கும், ஆனால் வேகத்தில் வளையும். கரையோரம் உல்லாசமாக ஓட்ட அது போதும். நுரைமேல் எபாக்சியும் கண்ணாடி இழையும் போர்த்திய ஈபிஓ பிளேடு விறைப்பானது, விலையும் கூடுதல். அதன் பலவீனம் துளைகள். துளைவழியே நுரைக்குள் தண்ணீர் புகுந்தால் தோல் பிரியத் தொடங்கும். துளையிடாத பிளேடு வாங்கினால் காஸ்டிங்கையே அச்சாக வைத்து கிளாம்ப் போட்டு, முன்விளிம்பு காஸ்டிங்கில் நன்றாக அமர்ந்திருக்கிறதா என்று பார்த்துக் குறியுங்கள். முதலில் பெரிய துளை போட்டு, கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்பி, காய்ந்தபின் அதன் நடுவில் சரியான அளவில் துளையிடுங்கள். கையால் பிடிக்காமல் ட்ரில் பிரஸ் பயன்படுத்துவது அவசியம். கோணல் துளை என்றால் பிளேடும் கோணல்.

மரத்தில் நீங்களே செய்வதானால் நாகா 0012 (NACA 0012) என்ற குறுக்குவெட்டு வடிவம் நம்பகமானது. முழு கனம் அகலத்தில் 12 சதவீதம், முன்விளிம்பிலிருந்து 30 சதவீதத் தூரத்தில். 200 மி.மீ. அகலம் என்றால் அங்கே கனம் 24 மி.மீ.; 20 மி.மீ. தூரத்தில் 18.7, 100-இல் 21.2, 140-இல் 14.7, 180-இல் 5.8. அட்டையில் வெட்டிய டெம்ப்ளேட் வைத்துச் சரிபார்த்துக்கொண்டே இழையுங்கள். மேல் பகுதி மட்டும் தட்டையாக, காஸ்டிங் இடைவெளியை அளந்து அதற்கேற்ப. பின்விளிம்பைக் கத்திபோல் தீட்டாமல் 2 மி.மீ. விடுங்கள், இல்லையெனில் முதல் வாரத்திலேயே சில்லுச் சில்லாகிவிடும்.

பொருத்தும்போது மிகவும் முக்கியமானது சாய்வு. பிளேடின் மீதான நீர் அழுத்தத்தின் மையம் முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ கால் பங்கு தூரத்தில் இருக்கும். பின்னின் அச்சுக்கு அது எவ்வளவு பின்னால் விழுகிறதோ, அவ்வளவு கனமாக டில்லர் இழுக்கும். பிளேடு சற்றுப் பின்னால் சாய்ந்து நின்றாலும் கை வலிக்கும். பலர் பாய்மரத்தையும் பாயையும் குறை சொல்வது இதனால்தான். பிளேடைப் பூட்டி, பின்னின் கோட்டில் நீண்ட ஸ்கேலை வைத்துப் பாருங்கள். பிளேடின் கீழ்ப்பகுதி அந்தக் கோட்டுக்குச் சற்று முன்னால் வரவேண்டும். வரவில்லை என்றால் துளையை நிரப்பி இடம் மாற்றித் துளையிடலாம். அதிகமாக முன்னால் தள்ளவும் கூடாது: டில்லர் உணர்வற்றுப்போய், பிறகு தானே ஒரு பக்கம் ஓடத் தொடங்கும். பாய்மரத்தைப் பின்னால் சாய்த்தாலும் டில்லர் இழுப்பு கூடும், அதனால் பாய் அமைப்பை முடித்த பிறகே இதை இறுதி செய்யுங்கள்.

பிளேடைக் காஸ்டிங்கில் பிடிக்கும் போல்டை இறுக்குவதில் நிதானம் வேண்டும். பிளேடு பக்கவாட்டில் ஆடவும் கூடாது, தடையின்றி மேலே எழும்பவும் வேண்டும். ஓவராக முடுக்கினால் காஸ்டிங்கின் காதுகள் விரிசல் விடும். ஸ்டெயின்லெஸ் திருகு அலுமினியத்தில் இறங்குகிற ஒவ்வொரு இடத்திலும் டெஃப்ஜெல் (அரிப்பைத் தடுக்கும் பசை) அல்லது லானோலின் தடவுங்கள். உப்புநீரில் ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் சேர்ந்தால் சில பருவங்களுக்குள் திருகு கழற்ற முடியாதபடி இறுகிவிடும்.

பிளஞ்சர் ஸ்பிரிங்கின் இறுக்கம் மிதமாக இருக்கட்டும்: சாதாரண ஓட்டத்தில் சுக்கான் தானே எழக்கூடாது, மணலில் மோதினால் எழவேண்டும். 'எழாமலே இருக்கட்டும்' என்று முழுக்க இறுக்கியவர்களின் பின்பலகைதான் பிய்கிறது. சில நேரம் கேம் தவறான நிலைக்குத் திரும்பி, சுக்கான் பூட்டவே பூட்டாது. பழுது என்று பதறாமல் ஸ்க்ரூடிரைவரால் கேமைத் திருப்பிவிடுங்கள்.

கடைசியாக இரண்டு பிளேடுகளின் நேர்ப்போக்கு. இரண்டையும் பூட்டி, ஒரே உயரத்தில் முன்விளிம்புகளின் இடைவெளியையும் பின்விளிம்புகளின் இடைவெளியையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக, அல்லது முன்பக்கம் 3 மி.மீ. வரை குறைவாக இருக்கலாம். பின்பக்கம் குறைவாக இருந்தால் இரு பிளேடுகளும் படகை எதிரெதிர்த் திசைகளில் இழுத்து வேகத்தைக் கெடுக்கும். குறுக்குக் குழாயின் முனையில் உள்ள சரிசெய்தலைத் திருப்பினால் போதும்.

பின்னில் ஸ்பிளிட் ரிங்கைப் போட்டு அதன்மேல் டேப் சுற்றுங்கள். ரிங் கழன்றால் பின் மெல்ல மேலேறி வெளியே வந்துவிடும். முதல் சோதனையை இடுப்பளவு தண்ணீரில், பாய் ஏற்றாமல் படகைத் தள்ளிக்கொண்டு செய்யுங்கள்: பூட்டி, எழுப்பி, மறுபடி பூட்டி. இரண்டு பக்கமும் ஒரே சத்தத்தில் 'கிளிக்' என்று விழவேண்டும்.