காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி

ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை திங்கக்கிழமை காலைல "வயித்த வலிக்குதும்மா"ன்னு சுருண்டு படுத்தா அது நடிப்பு இல்லைங்க. பயம் பிள்ளைகளுக்கு வயித்துலதான் தெரியும். காய்ச்சல், வாந்தி, நீர்க்கடுப்பு, தூக்கத்தைக் கலைக்கிற வலின்னா டாக்டர்கிட்ட போங்க. இல்லைன்னா பள்ளிக்கூடம் அனுப்புங்க. வீட்டுல நிறுத்தி டிவி போட்டா நாளைக்கு வலி கூடும்.

"ஏன் பயம்?"னு கேட்டா பதில் வராது. "பாத்ரூம் போனியா?"ன்னு கேளுங்க. தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் பயந்து சாயங்காலம் வரை அடக்குற பிள்ளைங்க உண்டு. தண்ணி பாட்டில் குறையாம திரும்பி வரும், பாருங்க. டீச்சர்கிட்ட சொல்லி, துணைக்கு ஒரு தோழியை அனுப்பச் சொல்லுங்க.

புரட்டாசி நடவுக்கு விடியுமுன்னே கிளம்புற அம்மாக்கள், "நாளைக்கு அப்பாயிதான் கொண்டு விடுவாங்க"ன்னு முந்தின ராத்திரியே சொல்லிடுங்க. சொல்லாம போனா அடுத்த நாள் தூங்கவே பயப்படும்.

ரெண்டு வாரத்துக்கு மேல நீடிச்சா அரசோட மனநல உதவி எண் (டெலி மானஸ்) 14416-க்குப் பேசுங்க. இலவசம், தமிழ்லயே பேசலாம்.