இன்டெல்லில் ஓடிய எக்ஸ்பி ஏஎம்டியிலும் எழுந்தது

திருமங்கலத்தில் சித்தப்பாவின் அச்சகத்தில் இருக்கும் ஏஎம்டி செயலிக் கம்ப்யூட்டரில் நம் பழைய விண்டோஸ் எக்ஸ்பி ஒருவழியாக நீலத்திரை (விண்டோஸ் விழுந்தால் வரும் பிழைத் திரை) இல்லாமல் எழுந்துவிட்டது. மதுரையில் என் இன்டெல் லேப்டாப்பில் ஒரு குறையும் சொல்லாமல் ஓடிய அதே விர்ச்சுவல்பாக்ஸ் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் ஓடும் போலிக் கம்ப்யூட்டர்), அதைச் சுமந்துபோகும் அதே எஸ்எஸ்டி வட்டு. அங்கே போனால் மட்டும் விண்டோஸ் லோகோ வரும், கீழே கோடு ரெண்டு சுற்று ஓடும், பொசுக்கென்று நீலம். "ஏன்டா, உன் வீட்டுல மட்டும் ஓடுது, இங்க வந்தா செத்துப்போகுது?" என்று சித்தப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

எக்ஸ்பி எதற்கு என்றால் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளுக்குத்தான். கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தமிழ் எழுத்துகளுக்கான குறியாக்கத் தரமாக அறிவித்தாயிற்று. ஆனால் அச்சகத்து அலமாரியில் இருக்கும் கும்பாபிஷேக அழைப்பிதழும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் பழைய எழுத்துருவில்தானே இருக்கின்றன! அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்தால் 'பானோஸ்' என்று ஒரு பெட்டி வந்து, தானே ஏதோ ஓர் ஆங்கில எழுத்துருவை மாட்டிவிடும். மணமக்கள் பெயர் இருந்த இடத்தில் அடைப்புக்குறியும் டாலர் குறியும் நிற்கும். அதனால் எழுத்துரு, விசைப்பலகை மென்பொருள், பேஜ்மேக்கர் எல்லாவற்றையும் ஒரே விடிஐ கோப்பில் (விர்ச்சுவல்பாக்ஸ் மெஷினின் வட்டு) அடைத்துக் கையோடு கொண்டுபோவதுதான் திட்டம்.

சரி, நீலத்திரைக்கு வருவோம். கடைசியில் 7ஈ என்று முடியும் ஸ்டாப் பிழை, கூடவே 'இன்டெல்பிபிஎம்.சிஸ்' என்று கோப்பின் பெயர். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. எக்ஸ்பியை இன்டெல் மேல் நிறுவினால், செயலியின் மின்சக்தியை நிர்வகிக்க இந்த டிரைவரைப் போட்டுக்கொள்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் எதை எதையோ போலியாகக் காட்டினாலும் செயலியை மட்டும் அடியில் இருப்பதையே காட்டும். ஏஎம்டி மேல் இந்த டிரைவர் ஏறினால் இல்லாத இன்டெல் செயலிப் பதிவேடுகளைத் தொடப் போய் விழுகிறது. இத்தனைக்கும் மெய்நிகர் கணினிக்குள் இதற்கு ஒரு வேலையும் கிடையாது. மின்சக்தியை வெளியே இருக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

மருந்து சின்னதுதான்: சேஃப் மோடில் (அவசியமான டிரைவர்கள் மட்டும் ஏறும் நிலை) நுழைந்து, விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் சர்வீசஸுக்குக் கீழே இன்டெல்பிபிஎம்மின் 'ஸ்டார்ட்' மதிப்பை 4 ஆக்கி, அதாவது முடக்கிவிட்டால் போதும். சேஃப் மோடில் நுழைவதுதான் பெரும்பாடு. எஸ்எஸ்டியின் வேகத்தில் எஃப்8 அழுத்த வேண்டிய நொடி கண்ணில் படுவதற்குள் லோகோ வந்துவிடுகிறது. அதோடு மெஷின் ஜன்னலுக்குள் ஒருமுறை கிளிக் செய்யாவிட்டால் விசை உள்ளேயே போகாது. மெஷினைக் கிளப்பி, உடனே ஜன்னலைக் கிளிக் செய்து, எஃப்8-ஐ விடாமல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வலது கன்ட்ரோல் பக்கம் கை போனால் விசைப்பலகை மறுபடி வெளியே வந்துவிடும், ஜாக்கிரதை. இன்டெல் கம்ப்யூட்டர் கையில் இருக்கிறவர்கள் அங்கேயே இதை மாற்றிவிட்டுக் கிளம்பலாம், இந்தக் கூத்தே வேண்டாம்.

கம்ப்யூட்டர் மாறியதைப் பார்த்து எக்ஸ்பி ஆக்டிவேஷன் (உரிமத்தை உறுதிசெய்வது) மறுபடி கேட்குமோ என்று உள்ளூரப் பயம் இருந்தது. கேட்கவில்லை. வட்டு, நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி எல்லாம் மெஷினோடு கூடவே வருவதால் செயலி மட்டும்தான் புதிதாகத் தெரிகிறது. மெஷினின் நெட்வொர்க் கேபிளை நான் முதல் நாளிலேயே கழற்றிவிட்டேன். 2014 ஏப்ரலோடு ஆதரவு நின்றுபோன எக்ஸ்பிக்கு இணையம் எதற்கு?

மெஷினை எப்போதும் முழுசாக ஷட் டவுன் செய்துதான் கிளம்ப வேண்டும். 'சேவ்' செய்த நிலை வேறு செயலியில் எழாது. விடிஐ கோப்பு மெஷின் ஃபோல்டருக்குள்ளேயே இருந்தால் டிரைவ் எழுத்து மாறினாலும் கவலை இல்லை. ஆனால் ஷேர்டு ஃபோல்டருக்கு (மெஷினுக்கும் வெளிக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான ஃபோல்டர்) முழுப் பாதையையும் எழுதிவைத்துக்கொள்கிறது. என் வீட்டில் ஈ, அங்கே ஜி. அதற்கு 'சப்ஸ்ட்' கட்டளை வைத்து ஒரு வரி பேட்ச் கோப்பு எழுதினேன். எஸ்எஸ்டி எந்த எழுத்தில் ஏறினாலும் ஷேர் ஃபோல்டர் எக்ஸ் டிரைவாகவே தெரியும். விர்ச்சுவல்பாக்ஸை அட்மினாகத் திறந்தால் மட்டும் அந்த எக்ஸ் காணாமல் போகும், சாதாரணமாகவே திறக்கவும்.

எஸ்எஸ்டிக்கு டவுன் ஹால் ரோட்டில் வாங்கிய உறை (கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரில் இணைக்கும் பெட்டி) லேசாக ஆடினாலே தொடர்பு விடுகிறது. கடைக்காரர் கேபிளை மாற்றித் தந்தார், கொஞ்சம் தேவலை. மலிவு உறை வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒரு பெரிய கோப்பைக் காப்பி செய்து, கேபிளை ஆட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். வட்டின் ஃபார்மேட் என்டிஎஃப்எஸ்ஸேதான். எஃப்ஏடி32-இல் 4 ஜிபி தாண்டிய கோப்பு ஏறாது என்பது நமக்கெல்லாம் தெரிந்த கதை. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (எழுதும்போது தொடர்பு விட்டாலும் மீள உதவும் பதிவு) இல்லை, இந்த உறையை நம்பி அதில் இறங்க மனசு வரவில்லை.

அடுத்து சிவகாசியில் ஒரு நண்பரின் அச்சகம். அங்கே விண்டோஸ் 11. விண்டோஸின் சொந்த மெய்நிகர் அமைப்பான ஹைப்பர்-வி ஓடுவதால் விர்ச்சுவல்பாக்ஸின் கீழ்ப் பட்டையில், வேகம் குறைந்ததன் அடையாளமாகப் பச்சை ஆமை நிற்கிறது, பேஜ்மேக்கரும் ஆமையாகவே நகர்கிறது. கோர் ஐசொலேஷனை அணைத்தால் வேகம் வரலாம். அடுத்தவர் கம்ப்யூட்டரின் பாதுகாப்பில் கை வைக்க எனக்கு இஷ்டமில்லை, வேறு வழி தேடுகிறேன். அதற்குள் எஸ்டெலிட் என்ற கருவியால் காலி இடத்தைப் பூஜ்யமாக்கி விடிஐயைச் சுருக்க வேண்டும். ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் முடியும்வரை சித்தப்பா எஸ்எஸ்டியைத் தர மாட்டேன் என்கிறார்.